கோவை மொட்டை மாடியில் சீஸ்டார் எஸ்50

வானத்தைப் படம் பிடிக்க விரும்புகிறவருக்கு எந்தக் கையேடும் முதலில் சொல்லித் தருவது, தொலைநோக்கியைச் சுமந்து திருப்பும் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதைத்தான். அப்படி எழுதியவர்களில் பெரும்பாலோர் 40, 50 பாகை வடக்கு அகலாங்கில் வாழ்பவர்கள்; அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் தெளிவாக நிற்கும். கோயம்புத்தூரில் அது அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில், அதாவது கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அந்த முஷ்டியின் உயரத்துக்குச் சற்றே மேலே இருக்கிறது. என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் பக்கத்துத் தெருவின் தண்ணீர்த் தொட்டியும், அதைத் தாண்டி நகரத்தின் புகையும் வெளிச்சமும் மட்டுமே தெரிகின்றன.

இதனால்தான் சீஸ்டார் எஸ்50 என்ற இந்த வானியல் படக்கருவியைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. ஐந்து ஆண்டுகளாக ஒரு சிறிய ஒளிவிலகல் தொலைநோக்கியையும், கேமராவையும், துருவத்தைச் சுற்றிச் சுழலும் வானத்தைப் பின்தொடரும் பூமத்தியரேகைத் தாங்கி ஒன்றையும் வைத்துக்கொண்டு இதே மாடியில் முயன்று வந்தேன். நம் அகலாங்கில் அந்தத் தாங்கியின் அச்சு ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்துவிடுகிறது; சமன் செய்யும் எடைக் கம்பி கீழே இறங்கும்போது முக்காலியின் காலில் இடிக்கிறது. துருவ நட்சத்திரத்தைக் காண முடியாததால், வேறு விண்மீன்கள் விலகிச் செல்வதைக் கவனித்து அச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த வேண்டும். பழகிய பிறகும் அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது முடிந்து முதல் படத்தை எடுக்கும் நேரத்தில் மேற்கே பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து மேகம் வந்துவிட்ட இரவுகள் பல.

சீஸ்டார் எஸ்50 என்பது இசட்டபிள்யூஓ என்ற சீன நிறுவனம் 2023இல் வெளியிட்ட கருவி. வானியல் கேமராக்கள் செய்வதில் அந்த நிறுவனத்துக்கு ஏற்கெனவே நல்ல பெயர் உண்டு. 50 மில்லிமீட்டர் விட்டமும் 250 மில்லிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட லென்ஸ், சோனி ஐஎம்எக்ஸ்462 சென்சார், திருப்பும் மோட்டார்கள், குவியத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு, பனி படியாமல் காக்கும் சூடேற்றி, 64 ஜிபி சேமிப்பு, மின்கலம் ஆகிய எல்லாவற்றையும் இரண்டரைக் கிலோ எடையுள்ள ஒரே பெட்டிக்குள் அடக்கியிருக்கிறார்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை இதில் கிடையாது. எல்லாமே கைப்பேசியில் உள்ள செயலி வழியாகத்தான் நடக்கும். வாங்குகிறவர் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய செய்தி இதுதான்: இது வானத்தை நோக்கும் கேமரா, தொலைநோக்கி என்ற சொல் நமக்குள் எழுப்பும் அனுபவத்தை இது தராது.

துருவச் சிக்கலை இது தீர்க்கும் விதம் எளிமையானது. பெட்டியைச் சமதளத்தில் வைத்து இயக்கினால், அது வானத்தில் ஏதோ ஓர் இடத்தைப் படம் எடுத்து, அந்தப் படத்தில் உள்ள விண்மீன்களின் அமைப்பைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, தான் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுகொள்கிறது. பிறகு நாம் கேட்ட பொருளை நோக்கித் திரும்பி, மீண்டும் படம் எடுத்து, பிழையைத் திருத்தி, அந்தப் பொருளைப் படச் சட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. வடக்கு எந்தப் பக்கம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. மாடிக்கு ஏறியதிலிருந்து முதல் படம் பதிவாகும் வரை எனக்கு ஆகும் நேரம் பத்து நிமிடத்துக்குள் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் மேகங்களுக்கு இடையே கிடைக்கும் 40 நிமிடத் தெளிவை வீணாக்காமல் பயன்படுத்த முடிந்தது இந்தக் கருவி வந்த பிறகுதான்.

சமதளம் என்று சொன்னதை எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் மொட்டை மாடிகள் சமமானவை அல்ல. மழைநீர் வடிவதற்காகக் கொத்தனார் தட்டோட்டை ஒரு மூலைக்குச் சரித்துத்தான் பதித்திருப்பார். கருவியோடு வரும் முக்காலி சிறியது. அதை அப்படியே தரையில் வைத்தால் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் செயலியில் உள்ள மட்டக்குறி உடனே காட்டிக்கொடுத்துவிடும். நான் ஒரு கனமான மர ஸ்டூலின் கால்களுக்கு அடியில் மரத்துண்டுகளைச் செருகி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, அந்த இடங்களைத் தரையில் பெயின்டால் குறித்து வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஸ்டூலைக் குறிகளின் மேல் வைத்தால் போதும்.

தை மாதத்து இரவு ஒன்றில் மிருகசீரிடத்துக்குக் கீழே உள்ள ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை நோக்கி இதைத் திருப்பியிருந்தேன். ஒவ்வொரு படமும் 10 விநாடி. ஒன்று முடிந்ததும் அடுத்ததை அதன் மேல் அடுக்கி, சராசரி எடுத்து, திரையில் உள்ள படத்தைப் புதுப்பித்துக்கொண்டே வரும். முதல் படத்திலேயே நெபுலாவின் சிறகு போன்ற வடிவம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. இருபதாவது படத்தில் அது இளஞ்சிவப்பானது. காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மா கைப்பேசியை எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இது டிவியில வர்ற படமா, இல்ல இப்ப மேல இருக்கறதா?” என்று கேட்டார். “இப்ப மேல இருக்கறதுதானுங்கம்மா” என்றேன். அவர் நம்பவில்லை. “அப்ப நான் கைய வெச்சு மறைக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டு, லென்ஸுக்கு முன்னால் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கை நின்றது. விண்மீன்கள் இல்லாத படத்தைக் கருவி தானே விலக்கிவிடும் என்பதால் அடுக்கில் எதுவும் சேரவில்லை. கையை எடுத்த சில விநாடிகளில் எண்ணிக்கை மறுபடியும் ஏறத் தொடங்கியது. அவர் அதன் பிறகு ஒன்றும் கேட்காமல், துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, திருவாதிரை விண்மீன் இருக்கும் திசையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். 1,300 ஆண்டுகளுக்கு மேலாகப் பயணம் செய்து வந்த ஒளியைத்தான் அவர் தன் கையால் மறைத்தார் என்பதை அன்று நான் சொல்லவில்லை. பின்னர் ஒரு நாள் சொன்னேன்.

நகர வெளிச்சத்தைச் சமாளிக்கக் கருவிக்குள்ளேயே ஓர் இரட்டைப் பட்டை வடிகட்டி இருக்கிறது. ஹைட்ரஜன் வெளியிடும் 656 நானோமீட்டர் சிவப்பையும், ஆக்சிஜன் வெளியிடும் 501 நானோமீட்டர் பச்சைநீலத்தையும் ஒட்டிய ஒளியை மட்டும் விட்டு மற்றதை அது தடுக்கிறது. ரோசெட் நெபுலா, குதிரைத்தலை நெபுலா போன்றவற்றைக் கோவை நகருக்குள்ளிருந்தே எடுக்க முடிவது இதனால்தான். விண்மீன் பேரடைகளுக்கும் விண்மீன் கொத்துகளுக்கும் இந்த வடிகட்டியைப் போடக் கூடாது. அவற்றின் ஒளி எல்லா அலைநீளங்களிலும் பரவியிருப்பதால், தெருவிளக்கோடு சேர்த்து அவற்றையும் வெட்டிவிடும். அவற்றுக்கு இருண்ட வானத்தைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இனி இந்தக் கருவியின் முக்கியமான எல்லைக்கு வருகிறேன். இது மேல்கீழாகவும் இடவலமாகவும் மட்டுமே திரும்புகிறது. வானமோ துருவத்தை மையமாக வைத்துச் சுழல்கிறது. ஆகவே பொருள் சட்டத்தின் நடுவிலேயே நின்றாலும், அதைச் சுற்றியுள்ள வானம் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அடுக்கும்போது மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் பொருத்திவிடுகிறது, ஆனால் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் வெட்டுப்படுகின்றன. இந்தச் சுழற்சி எவ்வளவு வேகமானது என்பது மூன்றைப் பொறுத்தது: நம் அகலாங்கு, பொருளின் திசை, அதன் உயரம். பூமத்தியரேகைக்கு அருகில் இருப்பதால் வடக்கிலும் தெற்கிலும் நமக்கு இது ஏறக்குறைய முழு வேகத்தில் நடக்கிறது. கோவையில் தெற்கே தன் அதிகபட்ச உயரமான 31 பாகையில் நிற்கும் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்துக்குக் கணக்குப் போட்டால் மணிக்கு 17 பாகை வருகிறது. 10 விநாடிப் படத்தில் அது மூலையில் ஒரு பிக்சல் அளவே நகரும், கண்ணுக்குத் தெரியாது. 30 விநாடி வைத்தால் மூன்று பிக்சல் நகர்ந்து, மூலையில் உள்ள விண்மீன்கள் அரிசி மணிபோல் நீளும்.

தலைக்கு நேர் மேலே நிலைமை இன்னும் மோசம். உச்சியை நெருங்க நெருங்கச் சுழற்சி பல மடங்கு கூடும். மோட்டாரும் பின்தொடர முடியாமல் திணறும். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் வெளிநாட்டு மதிப்பீடுகளை அப்படியே நம்பக் கூடாது. சிம்மம், கன்னி ராசிகளில் உள்ள புகழ்பெற்ற பேரடைகள் ஐரோப்பாவில் வசதியான உயரத்தில் தெற்கே நிற்கும்; நமக்கோ அவை நேராக உச்சியைக் கடந்து போகின்றன. ஆனால் அதே கணக்கின் மறுபக்கம் நமக்குச் சாதகமானது. கிழக்கிலும் மேற்கிலும் இந்தச் சுழற்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சிம்மத்தின் மூன்று பேரடைகள் உச்சிக்கு வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிழக்கே 60 பாகை உயரத்தில் இருக்கும்போது சுழற்சி மணிக்கு 4 பாகைக்கும் குறைவு. அந்த நேரத்தில் 30 விநாடிப் படங்களைத் தயக்கமின்றி எடுக்கலாம். எனவே என் வழக்கம் இப்படி அமைந்துவிட்டது: முன்னிரவில் கிழக்கு, உச்சிக்கு வந்ததும் வேறு பொருள், பின்னிரவில் அதே பொருள் மேற்கில்.

பூமத்தியரேகை முறையையும் பின்னர் மென்பொருள் மேம்பாட்டின் வழியாகச் சேர்த்திருக்கிறார்கள். கருவியைச் சாய்த்து அதன் அச்சைத் துருவத்தை நோக்கி வைத்தால், எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் செயலி கணித்துச் சொல்லும். துருவ நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. லண்டனில் வாழ்பவர் செங்குத்திலிருந்து 38 அல்லது 39 பாகை சாய்த்தால் போதும். கோவையில் 79 பாகை சாய்க்க வேண்டும். அதாவது பெட்டி கிட்டத்தட்டப் படுத்துவிடும், அதன் எடை முழுவதும் முக்காலிக்கு வெளியே தொங்கும். கூடவே வரும் முக்காலியில் இதைச் செய்யவே கூடாது. நல்ல உறுதியான சாய்வுத் தலையும் கனமான முக்காலியும் தனியாக வாங்க வேண்டும். முக்காலியின் ஒரு கால் வடக்கு நோக்கி, சாய்ந்த பெட்டிக்கு நேர் அடியில் இருக்க வேண்டும். நான் செய்து பார்த்தேன், மூலைகள் வரை வட்டமான விண்மீன்கள் கிடைத்தன. ஆனால் எந்த வேலையிலிருந்து தப்பிக்க இதை வாங்கினேனோ அதில் பாதி திரும்பி வந்துவிட்டது. புதிதாக வாங்குகிறவர் முதல் ஆறு மாதம் இந்த முறையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எனக்கு இந்தக் கருவி முழு நிறைவைத் தந்தது சித்திரை மாதத்தில், தாராபுரத்துக்குத் தெற்கே நண்பர் ஒருவரின் மானாவாரித் தோட்டத்தில். தென் அடிவானம் வரை மறைப்பில்லாத இடம். இரவு 9 மணியளவில் கரினா நெபுலா தெற்கே 19 பாகை உயரத்தில் இருந்தது. ஓரியனைவிட நெடுந்தொலைவில் இருந்தும் வானத்தில் அதைவிடப் பரந்து தெரியும் இந்த நெபுலாவை ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாது. அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் அது கிடையாது. காவலூரில் வைணு பாப்பு ஆய்வுக்கூடம் அமைந்த ஜவ்வாது மலையின் சிறப்புகளில் ஒன்றாக, அங்கிருந்து தென்வானத்தின் பெரும்பகுதி தெரியும் என்பதைச் சொல்வார்கள். அந்தப் பேறு தமிழ்நாட்டில் வாழும் நம் எல்லோருக்கும் பொது. அன்று கரினாவை ஒரு மணி நேரமும், நள்ளிரவை ஒட்டி ஒமேகா சென்டாரியை 40 நிமிடமும் எடுத்தேன். இலட்சக்கணக்கான விண்மீன்கள் நெருக்கியடித்து நிற்கும் அந்தக் கொத்து, கண்ணுக்கு மங்கிய ஒற்றை விண்மீனாகத்தான் தெரிகிறது. திரையில் உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் ஓரங்களில் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்தது. என் பழைய தாங்கியோடு அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தால், கரினா மறைவதற்குள் அச்சைச் சரிசெய்து முடித்திருப்பேனா என்பதே ஐயம்.

கோள்களுக்கு இது பயன்படாது. இதன் ஒரு பிக்சல் வானத்தில் 2.4 வில்விநாடியை அளக்கிறது (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு). வியாழன் மிக அருகில் வரும்போது ஏறத்தாழ 45 வில்விநாடி அகலம் இருக்கும், அதாவது 19 பிக்சல். சனியின் உடல் 8 பிக்சல். வளையம் இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான். கோள்களைப் பார்க்க விரும்புகிற குழந்தைக்காக இதை வாங்குகிறவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். அவர்களுக்கு 8 அங்குல விட்டமுள்ள, டாப்சோனியன் என்ற எளிய வகை ஆடித் தொலைநோக்கியே சரி. இதைவிட 16 மடங்கு ஒளியைத் திரட்டும், மின்சாரம் கேட்காது, சனியின் வளையத்தைக் கண்ணாலேயே காட்டும். அந்த வகைத் தொலைநோக்கியைப் பரப்பிய ஜான் டாப்சன், சான்ஃபிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் சேர்ந்து, 20 ஆண்டுகளுக்கு மேல் துறவியாக இருந்தவர். கிடைத்த பொருள்களைக் கொண்டு தொலைநோக்கி செய்து, தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வானத்தைக் காட்டினார். அவருடைய வடிவமைப்புக்கு இணையான மலிவும் எளிமையும் கோள்களுக்கு இன்றுவரை வேறெதிலும் இல்லை.

நிலவும் சூரியனும் இந்தக் கருவிக்கு நன்றாகவே பொருந்துகின்றன. சட்டம் ஏறத்தாழ 43 வில்நிமிடத்துக்கு 76 வில்நிமிடம் (60 வில்நிமிடம் ஒரு பாகை) என்பதால் இரண்டும் முழுமையாக அடங்கும். சூரிய வடிகட்டி பெட்டியிலேயே வருகிறது. அதைப் பொருத்திய பிறகே சூரியனை நோக்கித் திருப்ப வேண்டும் என்பதில் எந்தச் சமரசமும் கூடாது. கொடைக்கானல் ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். அந்த வரிசையை நினைத்துக்கொண்டு, நானும் மேகமற்ற காலைகளில் 8 மணிக்கு ஒரு படம் எடுத்து, கரும்புள்ளிகள் 27 நாள் அளவில் ஒரு சுற்று வருவதை மாணவர்களுக்குக் காட்டுகிறேன். மாடி சூடேறிக் காற்று கொதிக்கத் தொடங்குவதற்கு முன் எடுத்தால் புள்ளிகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும்.

வெப்பம் இரவிலும் ஒரு காரணிதான். சென்சாருக்குக் குளிரூட்டி கிடையாது. படமெடுக்கத் தொடங்கும்போது கருவி தானே ஒளி புகாத இருட்டுப் படங்களை எடுத்து, வெப்பத்தால் சென்சாரில் எழும் பொய்ப் புள்ளிகளான இரைச்சலைக் கழிக்கிறது. என்றாலும் பங்குனி, சித்திரை மாதங்களில் 30 பாகை செல்சியஸ் இரவில் எடுத்த படமும், மார்கழியில் எடுத்த படமும் ஒன்றாக இருக்காது. கோடையில் அதே தரம் வேண்டுமென்றால் கூடுதல் நேரம் எடுக்க வேண்டும். இங்கே மற்றொரு அறிவுரை: ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சேமிக்கும் வசதியை முதல் நாளே அமைப்புகளில் இயக்கிவிடுங்கள். ஒரு படம் சுமார் 4 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். கருவி அடுக்கித் தரும் படம் பகிர்ந்துகொள்ளப் போதுமானது. ஆனால் பல இரவுகளின் மூலப் படங்களைக் கணினியில் சிரில் போன்ற இலவச மென்பொருளில் சேர்த்து அடுக்கும்போதுதான் நெபுலாவின் மங்கலான ஓரங்கள் வெளிவருகின்றன. முதல் மாதம் இதை இயக்காமல் விட்டதால், இரண்டு அருமையான இரவுகளின் மூலப் படங்கள் என்னிடம் இல்லை.

வாங்குவது பற்றி. தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவில் சுமார் 500 டாலர் என்ற அளவில் விற்கப்பட்ட கருவி, வரியும் விற்பனையாளரின் பங்கும் சேர்ந்து இங்கே கணிசமாகக் கூடிவிடுகிறது. நான் முதலில் அணுகிய விற்பனையாளர் ஒருவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஏழு வாரம் தேதியை மாற்றிக்கொண்டே போனார். உத்தரவாதத்தைப் பற்றி எழுத்தில் கேட்டபோது பதில் வரவில்லை. பணத்தைத் திரும்பப் பெற்று வேறிடத்தில் வாங்கினேன். பழுதானால் கருவியை எங்கே அனுப்புவது, போக்குவரத்துச் செலவு யாருடையது என்ற இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம்.

இதைவிடச் சிறிய சீஸ்டார் எஸ்30 என்ற கருவியும் இருக்கிறது. 30 மில்லிமீட்டர் விட்டம், 150 மில்லிமீட்டர் குவியத் தூரம், ஏறத்தாழ 1.65 கிலோ எடை. அதன் சட்டம் அகலமானது என்பதால் ஆண்ட்ரோமெடா பேரடை போன்ற பெரிய பொருள்களுக்குத் தோது. எஸ்50இல் அதைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் ஒமேகா சென்டாரியின் ஓரங்களைப் பிரித்துப் பார்க்கவும், சிறிய பேரடைகளுக்கும் எஸ்50இன் நீண்ட குவியத் தூரம் வேண்டும். மாதத்தில் இரண்டு முறை பேருந்தில் மலைக்கோ தோட்டத்துக்கோ கொண்டுபோகிற கல்லூரி மாணவருக்குச் சிறியதைச் சொல்வேன். சொந்த மாடி உள்ளவருக்கு எஸ்50.

மின்கலம் முழுவதும் ஏற்றினால் ஆறு மணி நேரம் அளவுக்கு நிற்கும். சூடேற்றியை இயக்கினால் குறையும், ஆகவே பவர்பேங்க் ஒன்று கையில் இருக்கட்டும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் பயன்படுத்திய உடனே பையில் போட்டு மூடாமல், அறையில் அரை மணி நேரம் திறந்து வைத்து ஈரம் போன பிறகு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். என் பழைய லென்ஸ் ஒன்றின் உட்புறத்தில் பூஞ்சை படர்ந்தது இதைச் செய்யாததால்தான்.